பாதிப் பாட்டு அடுப்படியில் இருந்தது

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை, இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

பாரிவாக்கத்தில், கரண்ட் வந்து இரண்டு வருடம்கூட ஆகாத வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள் ஒரு ஆம்ப்ளிபயர் செய்தேன். அப்பா அதை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கி எறிந்தார். இரண்டாவது செய்தேன். ஆவடியில் என் பெயரிலேயே சவுண்ட் சர்வீஸ் கடை போட்டேன். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராம் வரை எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை கட்சிக் கூட்டம், எத்தனை மாதா தேர்! அத்தனைக்கும் சத்தம் நான் கொடுத்தது. ஓர் ஆடி மாதம், கொட்டுகிற மழையில் நாற்பது ஹார்ன் ஸ்பீக்கர் கட்டி, ஒன்றுகூட நின்றுபோகாமல் மூன்று நாள் ஓட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு சைரன் செய்து கொடுத்தேன். இன்ஜினியரிங் படித்த இரண்டு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒழுங்காக ஈயம் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களையும் காலேஜ் வரை படிக்க வைத்தேன்.

இத்தனையும் செய்தவனுடைய பெயர், உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் இல்லை. இந்த வாரம் அந்த அட்டையைப் பற்றித்தான்.

வெள்ளைத் துணி போட்ட மேஜை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில் மாதா கோயிலை ஒட்டிய பழைய மண்டபம். காலைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குள் சமோசா வாசனையும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து அடித்தது.

லாரன்ஸ் அங்கே கண்காட்சி வைத்திருந்தான். லாரன்ஸ் என்னுடைய ஐம்பது வருடத்துச் சிநேகிதன். ஆவடி டாங்க் பாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். பழைய ஆங்கில ராக் இசைத்தட்டுகள் அவனிடம் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. இப்போது அவற்றை ஊராருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டுகிறான். நான்கு நாற்காலி, நான்கு ஹெட்போன். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஐடி கம்பெனிப் பிள்ளைகள், பட்டாளத்து முகாமிலிருந்து வந்த ஆபீசர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள். என்னுடைய நாற்பது ஹார்னுக்குக்கூட யாரும் இப்படி வரிசையில் நின்றதில்லை.

நடுவில் வெள்ளைத் துணி போட்ட மேஜை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பழைய ஹெட்போன். தலைப்பட்டை துருப்பிடித்து, காதுக் கிண்ணத்தில் மெரூன் வெல்வெட் வெளுத்துப் போய். அந்த வெல்வெட்டை வெட்டித் தைத்தது இந்தக் கை.

பக்கத்தில் அட்டை. நான் மெதுவாகப் படிப்பவன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ‘ஆவடியில் உருவான முதல் ஸ்டீரியோ ஹெட்போன். லாரன்ஸ் சேகரிப்பு.’

பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியைச் சுற்றிவந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து லாரன்ஸ் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜிப்பா போட்டு, வெள்ளைத் தாடி விட்டு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“ஸ்பீக்கர்ல கேட்டா இது பாட்டு. ஹெட்போன்ல கேட்டா இது ஊடு. உள்ள பூந்து, ரூம் ரூமா சுத்திப் பாக்கலாம்.”

ஜனம் கை தட்டியது. ஒரு பெண் அதைப் போனில் எழுதிக்கொண்டாள்.

அந்த வாக்கியம் என்னுடையது. அவன் வீட்டு அடுப்படியில் நின்று நான் சொன்னது.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்குத் தெரியாது. அவன் தாடியைப் பார்த்தும் பொறாமை, அவனைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தும் பொறாமை. அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவளைப் பார்த்தும் பொறாமை. எனக்கு ஒருவரும் டீ கொடுக்கவில்லை.

முன் ரூமுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று

இது எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

எங்களுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். லாரன்ஸ் அப்பாவும் பாக்டரிக்காரர், குவார்ட்டர்ஸில் வீடு. அவன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். வருடம் ஒருமுறை வரும்போது வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவருவார். வழவழவென்று அட்டை. பிரித்தால் ஒரு ரசாயன வாசனை. ஒன்றின் அட்டையில் வெறும் மஞ்சள் குடை, அவ்வளவுதான். பாடுகிறவன் படம்கூட இல்லை. அதை நாங்கள் குடைத்தட்டு என்போம்.

அதைப் போட்டுக் கேட்க ஒரு ஸ்டீரியோ செட் வேண்டும் என்று என்னிடம் வந்தான். செய்து கொடுத்தேன். இரண்டு மரப் பெட்டி, தேக்குச் சட்டம், முன்னால் தங்கக் கலர் துணி.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செட்டோடு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வந்தால், ஒன்று முன் ரூமுக்கு, ஒன்று அடுப்படிக்கு. ஆம்பளைகள் முன்னால் கேட்க வேண்டும், வீட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டே பின்னால் கேட்க வேண்டும். ஒரே ரூமில் இரண்டு பெட்டியையும் வைக்கிறவனைத் திமிர் பிடித்தவன் என்போம். அடுப்படிக்கு ஒயர் இழுப்பதில் நான் கெட்டிக்காரன். நிலைப்படிக்கு மேலே ஒயர் போவதே தெரியாது. ஆவடியில் எத்தனை வீட்டுக்கு அப்படி இழுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஸ்டீரியோ என்றால் இரண்டு பெட்டி, இரட்டிப்புச் சத்தம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

லாரன்ஸ் வீட்டிலும் அப்படியே இழுத்தேன். சினிமாப் பாட்டுத் தட்டு போட்டோம். முன்னால் கணீர், பின்னால் கணீர். லாரன்ஸ் அம்மா பிலோமினா அடுப்படியிலிருந்தே ‘நல்லா கீதுப்பா’ என்று சர்டிபிகேட் கொடுத்தார். பிறகு லாரன்ஸ் குடைத்தட்டைப் போட்டான்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

“ஏண்டா லாரன்ஸ், உன் வெள்ளக்காரன் வாயத் தொறக்கவே மாட்டானா? சொம்மா கம்பிய நறநறன்னு இழுத்துகினே கீறான்?”

“இன்னாம்மா சொல்ற? அவன் பாடிகினுதான் கீறான். கிட்டார்தான் வரவேயில்ல!”

“பாட்டு எங்கடா கீது? தேங்கா துருவுற சத்தம்தான் கீது.”

லாரன்ஸ் அடுப்படிக்கு ஓடினான். நானும் ஓடினேன். அம்மா சொன்னது சரி. அங்கே கிட்டார் மட்டும். பாட்டைக் காணோம். திரும்பி முன் ரூமுக்கு ஓடினோம். அங்கே பாட்டும் டிரம்மும். கிட்டாரைக் காணோம். நடுவில் இருந்த ஒடுக்கமான வழியில் நின்றால் மட்டும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் காதில் விழுந்தது.

“பாதிப் பாட்டக் காணோம், தணிகா,” என்றான் லாரன்ஸ். என் பெயர் தணிகாசலம்.

உப்புக்காற்று

நான் செட்டைப் பிரித்தேன். ஒரு குறையும் இல்லை. சினிமாத் தட்டு போட்டால் இரண்டு பக்கமும் முழுசாக வருகிறது. குடைத்தட்டு போட்டால் பாதி பாதி. மூன்று தடவை பிரித்தேன், மூன்று தடவை மூடினேன். அவன் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஐந்தாறு பேர் சுற்றி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் என்னிடம் அப்போதும் கிடையாது.

“செட்டு பக்காவா கீது. தட்டுதான் கெட்டுப் பூட்ச்சு. கப்பல்ல மாசக்கணக்கா வருதில்ல? உப்புக்காத்து பட்டு ஒரு பக்கத்துக் கோடெல்லாம் அரிச்சிடுச்சு,” என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். லாரன்ஸ் முகம் மட்டும் சுருங்கிப் போயிற்று. அவன் அண்ணன் கொண்டுவந்ததெல்லாம் கப்பலில் வந்ததுதானே.

“கவலப்படாத நைனா, நான் எதுக்குக் கீறேன்?” என்று சொல்லி, தட்டு முள்ளிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் இரண்டு பக்கத்து ஒயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். அவ்வளவுதான். முன்னாலும் முழுப்பாட்டு, பின்னாலும் முழுப்பாட்டு. கெட்டுப்போன தட்டைப் பிழைக்க வைத்தவன் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க என் பெயர் பரவியது. பிலோமினா அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்காக வஞ்சிரம் வறுத்தார்.

நான் செய்தது என்னவென்று இப்போது சொல்கிறேன். இரண்டு காதுக்கென்று தனித்தனியாகச் செய்யப்பட்ட பாட்டை, ஒரு சொட்டு ஈயத்தில் ஒன்றாகக் கூழாக்கிவிட்டேன். அதற்குத்தான் வஞ்சிரம் சாப்பிட்டேன்.

நடுமண்டையில் ஒரு ஆள்

இரண்டு மூன்று மாதம் போயிற்று. லாரன்ஸ் அப்பா ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குபவர். பாட்டுச் சத்தம் அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் முள்ளையே பிடுங்கி எறியப் போனாராம். லாரன்ஸ் கடைக்கு ஓடிவந்தான்.

“மாமே, அப்பா தூங்கணும், நான் கேக்கணும். இன்னா பண்ணலாம்?”

பழைய சாமான் சந்தையில் எடைக்கு வாங்கிய பட்டாளத்து ஒயர்லெஸ் ஹெட்செட் ஒன்று என்னிடம் கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பூத்துப் போயிருந்தது. பட்டையையும் கிண்ணத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். பாக்கெட் டிரான்சிஸ்டர் இரண்டைப் பிரித்து, அவற்றின் குட்டி ஸ்பீக்கரைக் கிண்ணத்துக்கு ஒன்றாக உட்கார வைத்தேன். சுற்றிலும் பஞ்சு. அதன்மேல் தையல்கடையில் வாங்கிய மெரூன் வெல்வெட். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் செய்யவில்லை.

இரண்டையும் ஒரே ஒயரில் கட்டினால் எரிந்துவிடுமோ என்று பயம். அதனால் ஒன்றை இடப்பக்கத்துக்கும் மற்றதை வலப்பக்கத்துக்கும் கொடுத்தேன். பயத்தில் செய்தேன் என்றாலும் செய்தவன் நான்.

சோதித்துப் பார்க்க, கடையில் நான் வேறொருவருக்குச் செய்துகொண்டிருந்த புது செட் இருந்தது. அதில் ஈயச் சொட்டு இல்லை. லாரன்ஸ் கொடுத்துவிட்டுப் போன குடைத்தட்டைப் போட்டு, மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். கடைக்கு வெளியே லாரி, பஸ், சைக்கிள் மணி. எல்லாம் நின்றுவிட்டது. இடது காதோரம் ஒருவன் கிட்டார் கம்பியை இழுக்கிறான். விரல் கம்பியின் மேல் வழுக்குவது கேட்கிறது. வலது காதோரம் டிரம். பாடுகிறவன் பாடுவதற்கு முன் மூச்சை இழுத்தான். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று. அடுத்த பாட்டில் பாடுகிறவன் காதோரத்திலிருந்து நகர்ந்து என் நடுமண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆர்கன் சத்தம் ஒன்று இடது காதில் கிளம்பி, பின்மண்டை வழியாகப் போய், வலது காதில் இறங்கியது. என் தலை ஒரு வீடு மாதிரியும், ஆட்கள் அதில் ரூம் ரூமாகப் போய் வருகிற மாதிரியும் இருந்தது.

தட்டு கெடவில்லை. உப்பும் இல்லை, காற்றும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் ஒரு காதை முன் ரூமிலும் இன்னொரு காதை அடுப்படியிலும் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறோம்.

பாட்டு முடிந்த தட்டில் முள் கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவே இல்லை.

ஹார்னுக்குச் செய்தது, காதுக்குச் செய்தது

கொஞ்சம் விலகிப் போகிறேன். வாசகர் ஒருவர் அம்பத்தூரிலிருந்து கேட்டிருந்தார்: ‘எல்லாப் பாட்டும் ஹெட்போனில் நன்றாகத்தானே இருக்கிறது, பழைய ராக்குக்கு மட்டும் என்ன விசேஷம்?’

விசேஷம் இருக்கிறது ஐயா. அந்தக் காலத்து நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் ஒரே கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, இரண்டு மூன்று மைக்கில் பிடித்தது. அது ரேடியோவுக்கும் டீக்கடைக்கும் என் ஹார்னுக்கும் செய்த பாட்டு. எட்டுத் தெரு தாண்டிக் கேட்டாலும் கெடாது. ஹெட்போனில் கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து நிற்பார்கள்.

அந்த ராக் கோஷ்டிகள் வேறு மாதிரி. கிட்டாரைத் தனியாகப் பிடிப்பார்கள், டிரம்மைத் தனியாக, குரலைத் தனியாக. பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து, யாரை எங்கே நிறுத்துவது, யாரைப் பக்கத்தில் வைப்பது, யாரைத் தூரத்தில் எதிரொலியோடு விடுவது என்று ஒவ்வொன்றாக வைப்பார்கள். கல்யாணப் பந்தியில் சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது என்று பார்க்கிற மாதிரி. இரண்டு பக்கம் என்பது அப்போது அவர்களுக்கும் புதிது. புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவர்கள் மாதிரி ஆடித் தீர்த்திருக்கிறார்கள்.

அப்படி வைத்ததை ரூமில் ஸ்பீக்கரில் கேட்டால், இடப்பக்கச் சத்தம் வலது காதுக்கும் போய்விடும். சுவர் கொஞ்சம் தின்னும், மின்விசிறி கொஞ்சம் தின்னும், குக்கர் விசில் மிச்சத்தைத் தின்னும். ஹெட்போனில் அந்தந்தக் காதுக்கு உரியது அந்தந்தக் காதுக்கே போகிறது.

அதற்காக எல்லா ராக் தட்டும் அப்படி இல்லை. மேடையில் பாடியதை அப்படியே பிடித்த தட்டுக்கு ஹெட்போன் பெரிதாக ஒன்றும் செய்யாது. அவசரத்தில் குரலை மொத்தமாக ஒரே பக்கம் தள்ளிவிட்ட தட்டுகளும் உண்டு. கேட்டால் அரை மணியில் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பொறுமையாக இடம் பார்த்து வைத்த தட்டுதான் ஹெட்போனில் ஜெயிக்கும். இதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அன்றைக்கே ஓடிப்போய் லாரன்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கண்டுபிடித்தவன் நான் என்று அவன் வீட்டுச் சுவரே சொல்லியிருக்கும். ஆனால் சொன்னால் உப்புக்காற்றையும் சொல்ல வேண்டும். ஈயச் சொட்டையும் சொல்ல வேண்டும். வஞ்சிரம் வறுத்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். கடை அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

அதனால் மறுநாள், செட்டைத் தூசி தட்டுகிற சாக்கில் போய், யாருக்கும் தெரியாமல் ஈயத்தை உருக்கி ஒயரைப் பிரித்துவிட்டேன். அப்பாவுக்குப் பயந்து ஸ்பீக்கர் ஓடாமல் கிடந்ததால், மறுபடி பாதி பாதியானது யாருக்கும் தெரியவில்லை. ஹெட்போனை லாரன்ஸ் தலையில் மாட்டினேன். அடுப்படியில் அவன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஒயர் நீளமாக விட்டிருந்ததால் லாரன்ஸ் அங்கேயே வந்து நின்றான்.

அவன் கண் இரண்டும் பெரிதாகிவிட்டன. “மச்சான்! மச்சான்! இது இன்னா மாமே இது!” என்று கத்தினான். தான் கத்துவது அவனுக்கே தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்துவிட்டார்.

“ஸ்பீக்கர்ல கேட்டா பாட்டு. இதுல கேட்டா ஊடு, நைனா. ரூம் ரூமா சுத்திப் பாரு,” என்றேன். அதுதான் அந்த வாக்கியம்.

“உப்புக்காத்து பட்ட தட்டாச்சே, எப்பிடிடா?” என்று கேட்டான்.

“ஹெட்போன்ல அது தெரியாது,” என்றேன்.

இப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த ஹெட்போனோடு அவன் வீடு வீடாகப் போனான். பாக்டரி கேண்டீனுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினான். ஆங்கில ராக் என்றால் லாரன்ஸ், ஹெட்போன் என்றால் லாரன்ஸ் என்று ஆகிவிட்டது. நான் ஒயர் இழுக்கிறவனாகவே இருந்தேன். கேட்கிறவனுக்கு ஒரு மரியாதை, கேட்க வைத்தவனுக்கு இன்னொரு மரியாதை என்று அப்போதுதான் கண்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே

மண்டபத்துக்கு வருகிறேன். லாரன்ஸின் மகள் ரெஜினா, காலேஜில் பாடம் நடத்துபவள். அட்டைகளை எழுதியது அவள்தான். கண்காட்சியைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் அச்சடிக்கப் போகிறாள். அவளை நிறுத்தினேன்.

“இத்த செஞ்சது யாரும்மா?”

“நீங்கதான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தீங்கன்னு அப்பா சொன்னாரு, அங்கிள். வேணும்னா ‘பழுதுபார்த்தவர்’னு உங்க பேரைச் சேர்த்துடறேன்.”

“ரிப்பேரா? இல்லாத சாமான எப்பிடிம்மா ரிப்பேர் பண்றது? செஞ்சவன் நானு. இதுல மொதல்ல கேட்டவனும் நானு. உங்கப்பாவுக்கு முன்னாடி.”

என் குரல் கொஞ்சம் பெரிசு. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாரன்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான்.

“இன்னாடா தணிகா, சண்டைக்கா வந்தே?”

“என் பேரு எங்கடா?”

“செஞ்சே, இல்லேன்னு சொல்லல. பாதிப் பாட்டக் காணோம்னு சொன்னது யாரு? அத்த நான் சொல்லலேன்னா உனுக்குத் தெரிஞ்சிருக்குமா? நீ பாட்டுக்கு ஊர் பூரா அடுப்படிக்கு ஒயர் இழுத்துகினு கெடந்திருப்பே.”

எனக்குச் சுருக்கென்றது. அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சுருக்கென்றது.

அவன் என் காதருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். “உன் பேரப் போடறேன் மாமே. ஆனா ஒயர முறுக்கி ஈயம் வெச்சதையும் போடணும். உப்புக்காத்தையும் போடணும். ரெண்டையும் போடலாம், இல்ல ரெண்டையும் வுட்ரலாம்.”

“உனுக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்பால ஒரு வாட்டி செட்டு நின்னுபோச்சு. பூந்தமல்லில ஒர்த்தன் பிரிச்சான். இங்க யாரோ ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா ஒட்டி, திரும்பப் பிரிச்சு வுட்டுகீறாங்கன்னு ஈயத்தக் காட்டினான். அன்னிக்கே புரிஞ்சிடுச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. நானும் கேக்கல.”

அவனுக்கு அத்தனை வருடமாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

“நான் செஞ்ச செட்ட இன்னொர்த்தன் கிட்ட குடுத்தியா?” என்று கேட்டேன்.

“நீ அப்ப திருப்பதி போயிருந்தேடா, லூசு!”

வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். லாரன்ஸ் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். “மொதல்ல கேளு. அப்பால சண்ட போடலாம்,” என்று புது ஹெட்போன் ஒன்றை என் தலையில் மாட்டி, குடைத்தட்டைப் போட்டான்.

டிரம் வந்தது. குரல் வந்தது. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் டிரம் நின்றது, குரலும் நின்றது. பாட்டு முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றி, “அருமை,” என்றேன்.

பக்கத்து நாற்காலியில் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ஆபீசர் இன்னும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. அது கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும் இடம். இடப்பக்கம்.

நாற்பது ஹார்ன் கட்டியவன் என்று மேலே பெருமையாக எழுதினேன். அந்த ஹார்ன் கம்பத்தடியில் என் இடது பக்கத்தைக் கொடுத்துக்கொண்டுதான் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். இடது காது போய்ப் பல வருடம் ஆகிறது. வீட்டில்கூடச் சொன்னதில்லை. கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

லாரன்ஸ் என்னைப் பார்த்தான். ஹெட்போனை என் கையிலிருந்து வாங்கி, இடதை வலதாகத் திருப்பி என் தலையில் வைத்தான். முள்ளைத் தூக்கிப் பாட்டின் ஆரம்பத்தில் மறுபடி வைத்தான்.

வலது காதில் கிட்டார் வந்தது. கம்பியில் விரல் வழுக்கும் சத்தத்தோடு வந்தது. பாட்டு முழுக்க அவன் பக்கத்திலேயே நின்றான். வரிசையில் யாராவது முணுமுணுத்தால் கையைக் காட்டி அடக்கினான். எனக்காக இரண்டு தடவை அந்தப் பாட்டு ஓடியது, ஒரு பாதிக்கு ஒரு தடவை.

எழுபது தாண்டியும் அவனுக்கு இரண்டு காதும் இருக்கிறது. அது ஒரு பொறாமை. என் காது போனதை நாலு பேருக்கு முன்னால் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிற மனசும் அவனுக்கே இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

ஆனால் அது வேறு, அட்டை வேறு. அந்த நல்ல மனசுக்கு ஈடாக அட்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரெஜினாவின் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. இந்தப் பத்திரிகையை அவள் வாரா வாரம் படிப்பவள். அவளுக்கு இதை எழுதுகிறேன். ரெண்டையும் போடலாம் என்று உன் அப்பா சொன்னார் இல்லையா, ரெண்டையும் போடு. அட்டையிலும் போடு, புத்தகத்திலும் போடு. இப்படி எழுது:

‘இந்த ஹெட்போனைச் செய்தவர், ஆவடியில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்த தணிகாசலம். நல்ல தட்டை உப்புக்காற்று பட்டது என்று சொல்லி, இரண்டு ஒயரை ஒன்றாக ஒட்டிக் கெடுத்தவரும் அவரே. பாதிப் பாட்டைக் காணோம் என்று சொன்னவர் லாரன்ஸ். அந்தப் பாதியைக் கண்டுபிடித்தவர் தணிகாசலம்.’

இதில் ஒரு வார்த்தைகூடக் குறைக்கக் கூடாது. ‘பழுதுபார்த்தவர்’ என்று எங்கேயும் வரக் கூடாது. என் பெயரின் எழுத்து உன் அப்பா பெயரின் எழுத்தைவிட ஒரு நூல்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது. அச்சாகி வந்ததும் நான் அடிக்கோல் கொண்டுவந்து அளந்து பார்ப்பேன்.